பிள்ளைகளோடு எந்தக் கடைக்குப் போகலாம்?

குருக்கள்மடத்திலிருந்து மட்டக்களப்புக்குக் கிளினிக்குக்கோ, கல்முனைக்குத் தீபாவளி உடுப்பு வாங்கவோ போகும் தாய்மார், மதியமானால் சாப்பாட்டுக் கடை தேடுவார்கள். ருசி கடைசியாகத்தான் வருகிறது. ஆண் துணையில்லாமல் பிள்ளைகளோடு உள்ளே போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்பதே முதல் யோசனை. யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் சிலர் இதனாலேயே சோற்றுப் பார்சலை வாங்கி பஸ் நிலையத்தில் வைத்து ஊட்டுகிறார்கள்.

அடுத்தது காசு. உட்கார்ந்ததும் ரோல்ஸ், பற்றிஸ் நிறைந்த தட்டு மேசைக்கு வரும். சாப்பிட்டதற்கு மட்டுமே கணக்கு. ஆனால் பிள்ளையின் கையை யார் பிடிப்பது? தட்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லலாம், அதில் வெட்கமில்லை. விலை கேட்கவும் கூச வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைப்பது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் உண்டு.

பிறகுதான் மலசலகூடம், கை கழுவத் தண்ணீர், சிறுவருக்கு உறைப்புக் குறைந்த கறி.

இவற்றில் பலவற்றுக்கு வடக்கில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 'அம்மாச்சி' உணவகங்களில் பெண்களே எங்கள் கண்முன் தோசை, பிட்டு, இடியப்பம் செய்து விற்கிறார்கள். சமைப்பவரும் காசு வாங்குபவரும் பெண் என்றால் உள்ளே கால் வைக்கும் தயக்கம் பாதி குறையும். எங்கள் பகுதியில் கடை போட எண்ணும் பெண்கள் குழுக்கள் ஒருமுறை அங்கு போய்ப் பார்த்து வரலாம். பெயர்ப்பலகைக்கு முன்னர் மலசலகூடத்தைக் கட்டுங்கள்.