கேப்ஸ் லாக்குக்கு வேறு வேலை

விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் கணினிக்குப் போவது எழுத்து அல்ல, ஓர் எண். மேலே அச்சிட்டிருக்கும் எழுத்தெல்லாம் நம் கண்ணுக்காகத்தான். வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை விண்டோஸோ லினக்ஸோ தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது. பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினால் விசையின் வேலை மாறிவிடும்.

பலரும் முதலில் கை வைப்பது கேப்ஸ் லாக்கில்தான். இடது சுண்டுவிரல் சற்றே நகர்ந்தால் எட்டும் அருமையான இடம். பஜார் நடுவே கடை பிடித்துப் பூட்டியே வைத்திருப்பது மாதிரி அது அங்கே உட்கார்ந்திருக்கிறது. தெரியாமல் கை பட்டால் கடவுச்சொல்லைக் கெடுக்கும். நாள் முழுக்கத் தேவைப்படும் கன்ட்ரோலோ அடி மூலையில். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 83 விசைப் பலகையில் ‘ஏ’க்குப் பக்கத்தில் இருந்தது கன்ட்ரோல், கேப்ஸ் லாக் கீழே வலப்புறம். பிறகு வந்த 101 விசைப் பலகை இதை மாற்றியது. ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியைப் பயன்படுத்துகிறவர்கள் பலர் இன்னும் அந்த மாற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

கேப்ஸ் லாக்கும் கன்ட்ரோலும் பார்க்க ஒரே இனம் போலத் தோன்றினாலும் உள்ளே வேறு. யுஎஸ்பி விசைப்பலகை அனுப்பும் அடிப்படைத் தகவல் 8 பைட். அதில் முதல் பைட்டின் 8 பிட்டுகளும் கன்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட், விண்டோஸ் விசைகளுக்கு, இடமும் வலமுமாக. அழுத்தியிருக்கும் வரை அந்தப் பிட் 1. கேப்ஸ் லாக்குக்கு அங்கே இடமில்லை; சாதாரண விசை போல 57 என்ற எண்தான். அது போடப்பட்டிருக்கிறதா என்று நினைவில் வைப்பது கணினி. விசைப்பலகையின் விளக்கை ஏற்றச் சொல்வதும் கணினியே. அதனால் அதை வேறு வேலைக்கு மாற்றுவதில் பெரிய சிக்கல் இல்லை.

மேக்கில் விசைப்பலகை அமைப்புகளிலேயே இதற்கு வழி உண்டு. லினக்ஸில் க்னோம் திரைச்சூழல் என்றால் க்னோம் ட்வீக்ஸ் செயலி போதும். விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற செயலி எளிது, ஆனால் அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் திருத்தினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கணினியைப் பயன்படுத்தும் அத்தனை பேருக்கும் விசை மாறிவிடும். மடிக்கணினியின் எஃப்என் விசையைப் பெரும்பாலும் இப்படி மாற்ற முடியாது. அதன் எண் பலகைக்குள்ளேயே நின்றுவிடும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. ஆகவே தமிழில் தட்டச்சு செய்கிறவருக்குக் கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக்குவதைவிட நல்ல யோசனை ஒன்று இருக்கிறது: அதை மொழி மாற்றும் விசையாக்கிவிடலாம். லினக்ஸில் இதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. தமிழ்99 விசை அமைப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவே ஒரு மின்னஞ்சல் முகவரி வந்தால் ஒரு தட்டு. முடித்ததும் இன்னொரு தட்டு.