மணம் போனாலும் கஃபீன் போகாது!

"ரெண்டே டம்ளர்தான் சார் குடிக்கிறேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இதுக்குப் போய் தூக்கம் கெடுமா?"

பெரியகுளத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. வயது ஐம்பத்தைந்து இருக்கும். இரண்டு மாதமாக இரவில் சரியான தூக்கம் இல்லை. நெஞ்சு படபடப்பு, சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல். இரத்த அழுத்தம், இருதயம், தைராய்டு எல்லாச் சோதனைகளும் சரியாகவே இருந்தன.

"காபி எப்படிப் போடுறீங்கம்மா?" என்று கேட்டேன். விஷயம் வெளியே வந்தது.

மலையில் தோட்டம் வைத்திருக்கும் அவருடைய தம்பி, தை மாதம் மூன்று கிலோ காபிக்கொட்டையை வறுத்து, அரைத்துத் தூளாகவே கொடுத்திருக்கிறார். அது அடுப்புக்கு மேல் அலமாரியில், ஒரு பெரிய டப்பாவில் இருந்தது. முதலில் இரண்டு பேருக்கு மூன்று ஸ்பூன் போட்டாலே வீடெல்லாம் மணந்ததாம். பிறகு ருசி இறங்கியது; நான்கு ஸ்பூன் ஆனது. வைகாசியில் ஆறு ஸ்பூன்! கசப்புக்காகச் சர்க்கரையும் கூடுதல்.

"தம்பி ஆசையாக் குடுத்தது. வீணாக்க மனசு வரலை சார்."

இந்த மனசு நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒன்றை மறந்து விடுகிறோம். பழைய காபித்தூளில் குறைவது மணமும் ருசியும்தான். கஃபீன் அப்படியே இருக்கும். மணம் குறைந்ததை ஈடுகட்டத் தூளைக் கூட்டினால், கஃபீனும் சேர்ந்து கூடும். அந்த அம்மா குடித்தது கணக்கில் இரண்டு டம்ளர். உடம்புக்குப் போனதோ கிட்டத்தட்ட நான்கு டம்ளர்!

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீனைத் தாண்டக்கூடாது. 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும் என்கிறது அதே வழிகாட்டுதல். ஸ்பூனைக் கூட்டிக்கொண்டே போனால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக் கொள்ளுங்கள். ஆகவே, காபியை எப்படிப் பத்திரப்படுத்துகிறோம் என்பது ருசி விஷயம் மட்டும் அல்ல, ஆரோக்கிய விஷயமும்கூட.

மருந்தில் ஒரு கணக்கு

காபி நம் சித்த மருத்துவத்தில் பிறந்த பானம் இல்லை. ஆனாலும் மருந்துகளுக்குச் சித்த மருத்துவம் வைத்திருக்கும் ஆயுள் கணக்கு இங்கே நன்றாகவே உதவும். குடிநீர் எனப்படும் கஷாயத்துக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். இடிக்காத சரக்கு, ஈரம் படாமல் இருந்தால் அதைவிட அதிக நாள் தாங்கும். பொருளை எவ்வளவு நுணுக்குகிறோமோ, அவ்வளவுக்கு அதன் ஆயுள் குறைகிறது.

காபியும் இப்படித்தான். வறுக்காத பச்சைக்கொட்டை, காய்ந்த இடத்தில் மாதக் கணக்கில் இருக்கும். வறுத்த கொட்டை, காற்றுப் புகாத டப்பாவில் 3, 4 வாரம் நன்றாக இருக்கும். அரைத்த தூளின் மணம் ஒரு வாரத்திலேயே இறங்கத் தொடங்கி விடும். டிகாக்‌ஷனுக்கோ அதே ஒரு சாமம்தான்!

காரணம் என்ன?

வறுத்த கொட்டைக்கு நான்கு எதிரிகள்: காற்று, ஈரம், வெப்பம், வெளிச்சம். அராபிகா கொட்டையில் சுமார் 15 சதவீதம் எண்ணெய்ப் பசை உண்டு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பெரும்பாலும் விளைவது இந்த ரகம்தான். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் பட்டால், பழைய கடலை எண்ணெய் மாதிரி இதுவும் சிக்கு வாடை அடிக்கும். தூளாக்கும்போது காற்றுப் படும் பரப்பு பல மடங்கு கூடுவதால், கெடுவதும் வேகமாக நடக்கிறது.

இன்னொரு குணம், பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக் கொள்வது. பெருங்காய டப்பா, சாம்பார்ப் பொடி இவற்றுக்குப் பக்கத்தில் வைத்த காபித்தூளை முகர்ந்து பாருங்கள், தெரியும்!

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மாதத்துக்கு ஒரு கிலோ ஆகும் வீடு என்றால், வாரம் கால் கிலோவாக வாங்குங்கள். "எப்ப வறுத்தது?" என்று கடைக்காரரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

2. வறுத்த சூட்டோடு கொட்டையை டப்பாவில் அடைக்காதீர்கள். உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். ஆறிய பிறகும் சில நாட்களுக்குக் கொட்டையில் இருந்து கரியமில வாயு வெளியேறும். அதனால் முதல் ஒரு நாள் மூடியை லேசாக வைத்து, பிறகு இறுக்கி மூடுங்கள்.

3. இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பா நல்லது. கண்ணாடி பாட்டில் என்றால் வெளிச்சம் படாத அலமாரிக்குள் வையுங்கள். கொட்டை குறையக் குறையச் சின்ன டப்பாவுக்கு மாற்றுங்கள். பாதி காலியான டப்பாவில் மீதிப் பாதி காற்றுதான்!

4. அடுப்பு மேடைக்கு மேலே உள்ள அலமாரி வேண்டவே வேண்டாம். ஆவியும் சூடும் நேராக அங்கேதான் போகும்.

5. ஈர ஸ்பூன் கூடாது. கொதிக்கும் தண்ணீருக்கு மேல் டப்பாவைத் திறந்து தூளைக் கொட்டவும் கூடாது.

6. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். மிக்ஸியை ஒரே ஓட்டமாக ஓட்டாமல், விட்டு விட்டு ஓட்டினால் தூள் சூடாகாது. மிளகாய் அரைக்கும் ஜாரைக் காபிக்கு எடுக்காதீர்கள்.

7. சிக்கரி சீக்கிரம் ஈரத்தை இழுத்துக் கட்டியாகி விடும். அதைத் தனியாக வைத்து, போடும்போது கலந்து கொள்ளுங்கள். கலவைத் தூள் வாங்கினால் பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பலரும் கேட்பது இது. தினமும் எடுத்துப் புழங்கும் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தூளின் மேல் ஈரம் படியும். போதாக்குறைக்கு மல்லிகைப்பூ, இட்லி மாவு வாசனையும் ஏறும். நிறையக் கொட்டை வந்து சேர்ந்து விட்டால், ஒரு வாரத்துக்கு ஆகிற அளவாகப் பிரித்து, காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் வைக்கலாம். ஒரு பொட்டலத்தை எடுத்தால், அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். பிரித்ததைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது.

பழசா, புதுசா?

ஃபில்டரில் வெந்நீர் ஊற்றும்போது கவனியுங்கள். புதுத் தூள் என்றால் நுரைத்துப் பொங்கி மேலே வரும். பழசு அசையாமல் கிடக்கும். அப்படிக் கிடந்தால் ஸ்பூனைக் கூட்டாதீர்கள், தூளை மாற்றுங்கள். மணம் மட்டும் போன தூள் விஷம் இல்லை. பூஞ்சை வாடையோ ஈரக் கட்டியோ இருந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டி விடுங்கள்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். "மிச்சத் தூளை ரோஜாச் செடிக்குப் போடுங்கம்மா. தம்பிகிட்ட இனிமே பச்சைக்கொட்டையாக் குடுக்கச் சொல்லுங்க." நம் பாட்டிமார் வீட்டிலேயே வாராவாரம் வாணலியில் வறுத்து, முறத்தில் கொட்டி ஆற்றி, கையால் சுற்றும் மிஷினில் அரைத்தவர்கள்தானே! சாயங்காலக் காபியை நான்கு மணிக்குள் முடித்துக் கொள்ளவும், வெறும் வயிற்றில் குடிக்காமல் இருக்கவும் சொன்னேன். கூடவே சீரகத் தண்ணீர்.

மூன்று வாரம் கழித்து வந்தார். படபடப்பு இல்லை, தூக்கம் வருகிறது என்றார். "இப்ப மூணு ஸ்பூனே போதும் சார். பழைய மணம் வந்துருச்சு" என்று சிரித்தார்.

உங்களுக்கும் படபடப்போ தூக்கமின்மையோ இருந்தால், முதலில் மருத்துவரிடம் காட்டி மற்ற காரணங்கள் இல்லை என்று உறுதி செய்து கொள்ளுங்கள். அப்படியே வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு மேலே இருக்கும் அந்தக் காபி டப்பாவையும் ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள்!