நிலக்கரிக்கு வரி போட்டால் நம்ம வேலை போகுமா?



"கரண்ட் செலவு ஏறுச்சுன்னா கம்பெனிக்காரங்க முதல்ல ஆளைத்தானே குறைப்பாங்க?" அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் கூட்டத்தில் கேட்டது இது. நியாயமான பயம்தான்.

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் தயாராகிறது. அதன் புகை காற்றைக் கெடுக்கிறது. அதனால் 2010-ல் மத்திய அரசு டன்னுக்கு 50 ரூபாய் வரி போட்டது. 2016-ல் அது 400 ஆனது. தூய எரிசக்திக்கு என்று சொல்லித்தான் வசூலித்தார்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும், அந்தப் பணம் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டப் போனது. 2025 செப்டம்பரில் அந்த வரியை நீக்கி, நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி.யை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள்.

ஜெர்மனியில் 1999-ல் பெட்ரோல் வரியை உயர்த்தி, மின்சாரத்துக்குப் புதிதாக வரி போட்டார்கள். வந்த பணத்தில் பெரும்பகுதியைக் கொண்டு, தொழிலாளியும் முதலாளியும் கட்டும் ஓய்வூதியச் சந்தாவைக் குறைத்தார்கள். கரண்ட் செலவு கூடியது. ஆள் வைக்கும் செலவு குறைந்தது.

நம்ம குழுக் கடனுக்குக் கட்டும் வட்டி குழுவுக்கே திரும்பும். கந்துவட்டி போனால் போனதுதான். வரியும் அப்படித்தான். விலை ஏறினால் ஏழைக் குடும்பத்துக்குத்தான் அதிகம் வலிக்கும். ஆகவே "எவ்வளவு வரி?" என்பதோடு நிறுத்தாமல், "அந்தப் பணம் யாருக்குப் போகுது?" என்றும் கேட்போம்!