களையெடுப்பில் கிடைத்த கீரை

விதைக்காமலே முளைத்து, பயிருக்கான நீரிலும் உரத்திலும் வெயிலிலும் பங்கு கேட்பவை களைகள். ஆனால், களையெடுக்கும் பெண்கள் அனைத்தையும் வரப்பில் எறிந்துவிடுவதில்லை. இளந்தளிர்களை ஆய்ந்து மடியில் கட்டிக்கொள்வார்கள். இரவுக் குழம்புக்கு அதுவே கீரை.

எங்கே, எது?
நெல் வயல்: ஆரைக்கீரை. நான்கு சிற்றிலைகள் கொண்ட, பூக்காத பெரணி வகை.
வரப்பு, வாய்க்கால் ஓரம்: பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, வல்லாரை.
மானாவாரி நிலம்: பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை.
தோட்டக்கால்: குப்பைக்கீரை, பருப்புக்கீரை, மணத்தக்காளி.

இலையில் என்ன இருக்கிறது?
குப்பைக்கீரையில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் பீட்டா கரோட்டினும் உண்டு. பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். எண்ணெயில் தாளித்துச் சமைத்தால் அது உடலில் நன்றாகச் சேரும். பருப்புக்கீரையில் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. பல கீரைகளைவிட இதில் அது அதிகம். இக்கீரையில் ஆக்சாலிக் அமிலமும் மிகுதி. வேகவைத்து நீரை வடித்தால் அது குறையும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும்.

மண்ணுக்கும் உணவு
பூப்பதற்கு முன் பிடுங்கி மூடாக்காகப் பரப்பினால், களை உறிஞ்சிய சத்து மண்ணுக்கே திரும்பும். விதை முற்றவிட்டால் அடுத்த பருவத்திலும் களை பெருகும்.

கவனம்
எல்லாக் களையும் கீரையாகாது. பார்த்தீனியத்தைத் தொட்டாலே சிலருக்குத் தோல் அரிக்கும். களைக்கொல்லி தெளித்த நிலத்தில் எதையும் பறிக்காதீர்கள். அடையாளம் தெரிந்தவரிடம் கேட்டறிந்த பிறகே சமையுங்கள்.