பழைய விளக்கைக் கழற்றுவதற்கு முன்: அமெரிக்க வணிகக் கட்டடங்களில் எல்இடி ரிபேட்

அமெரிக்காவில் மளிகைக் கடையோ, உணவகமோ, கிடங்கோ, சின்ன அலுவலகமோ நடத்துகிறவர்களுக்கான காணொளி இது. பழைய டியூப்லைட்டை எடுத்துவிட்டு எல்இடி போட்டால் மின் நிறுவனம் ரிபேட் தரும் என்று உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் பணம் கைக்கு வராமல் போவது எப்படி? வேலையெல்லாம் முடிந்து, பழைய விளக்குகள் குப்பைக்குப் போன பிறகு விண்ணப்பத்தைத் தேடினால் அப்படித்தான் ஆகும். ரிபேட்டை ஆடித் தள்ளுபடி மாதிரி நினைத்துக்கொள்வதால் வரும் வினை இது. உண்மையில் இங்கே விற்பவர் நீங்கள், வாங்குபவர் மின் நிறுவனம். பழைய விளக்கு தின்ற மின்சாரத்துக்கும் புது விளக்கு தின்னப்போகும் மின்சாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், தலைவலியாகத் தெரியும் ஒவ்வொரு படிவமும் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது தானாகப் புரியும்.

மின்சாரம் விற்கிறவனே குறைவாக வாங்கு என்று காசு கொடுப்பானா என்ற சந்தேகம் நியாயமானது. தேவை ஏற ஏறப் புது மின்நிலையமும் புது மின்பாதையும் கட்டியாக வேண்டும். அந்தச் செலவு கடைசியில் எல்லோருடைய பில்லிலும் ஏறும். அதைவிட, இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்க வைப்பது மலிவு என்று பல மாநிலங்களின் மின் ஒழுங்குமுறை ஆணையங்கள் முடிவுக்கு வந்து, நிறுவனங்களுக்குச் சேமிப்பு இலக்கு வைத்திருக்கின்றன. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2010 முதல் 2018 வரையிலான திட்டங்களை அலசி 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரத்தை மிச்சப்படுத்தத் திட்டங்களுக்கு ஆன சராசரிச் செலவு சுமார் 2.4 சென்ட். ஒரு யூனிட்டைப் புதிதாக உற்பத்தி செய்து உங்கள் கட்டடம் வரை கொண்டுவந்து சேர்க்க அந்தக் காசு போதாது. விற்பனை குறைந்தால் நிறுவனத்தின் வருமானம் அடிபடுமே என்றால், வருவாயை விற்பனை அளவிலிருந்து பிரித்துவைக்கும் ஏற்பாட்டைக் கலிஃபோர்னியா 1980களின் தொடக்கத்திலேயே மின்சாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. பிறகு வேறு மாநிலங்களும் அதே வழிக்கு வந்தன. ரிபேட்டுக்கான பணமும் நிறுவனத்தின் லாபத்திலிருந்து வருவதில்லை. நியூயார்க் பில்லில் ‘சிஸ்டம் பெனிஃபிட்ஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி இருக்கும், கலிஃபோர்னியா பில்லில் ‘பப்ளிக் பர்ப்பஸ் புரோகிராம்ஸ்’ என்று இருக்கும். மாதாமாதம் நீங்கள் கட்டிவரும் பணம் அது. கேட்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரருக்குப் போகும், அவ்வளவுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு அலுவலகக் கூரையில் 100 ஃபிக்ஸ்ச்சர்கள் (குழல்களைத் தாங்கும் விளக்குக் கூடுகள்), ஒவ்வொன்றிலும் 32 வாட் டி8 குழல்கள் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முப்பத்திரண்டு தொண்ணூற்றாறு என்று எழுதிவிடாதீர்கள். குழலுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பேலஸ்ட், குழல்களை முழு வாட்டுக்கும் சற்றுக் குறைவாகவே ஓட்டுவதால், திட்டங்கள் வைத்திருக்கும் அட்டவணையில் இந்த ஃபிக்ஸ்ச்சருக்கு ஏறக்குறைய 89 வாட் என்றுதான் இருக்கும். அதற்குப் பதில் 36 வாட் எல்இடி வருகிறது. வித்தியாசம் 53 வாட். ஆண்டுக்கு 3,000 மணி நேரம் எரிந்தால் ஃபிக்ஸ்ச்சருக்கு 159 யூனிட், நூறுக்கும் சேர்த்து 15,900 யூனிட். யூனிட் 15 சென்ட் என்றால் பில்லில் ஆண்டுக்கு 2,385 டாலர் மிச்சம். முதலாண்டுச் சேமிப்புக்கு யூனிட்டுக்கு 10 சென்ட் வீதம் ரிபேட் தரும் திட்டம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரே தடவையாக 1,590 டாலர் கிடைக்கும். உங்கள் ஊரின் விகிதம் கூடலாம், குறையலாம். கணக்குப் போடும் முறை இதுதான்.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காமல் விடுவது மணி நேரத்தை. பொதுவாக ரிபேட் இரண்டு வகை. இந்த வகை ஃபிக்ஸ்ச்சருக்கு இத்தனை டாலர் என்று முன்பே விலை குறித்திருப்பது ‘பிரிஸ்கிரிப்டிவ்’. உங்கள் கட்டடத்தின் சேமிப்பைத் தனியாகக் கணக்கிட்டுத் தருவது ‘கஸ்டம்’. முதல் வகையில் அலுவலகத்துக்கு இத்தனை மணி, கடைக்கு இத்தனை மணி என்று ஒரு சராசரியை வைத்து விலையை முடிவுசெய்திருப்பார்கள். சின்ன வேலைகளுக்கு அது சௌகரியம், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் இரவு பகலாக விளக்கெரியும் கிடங்கோ பெட்ரோல் நிலையமோ வைத்திருந்தால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதே 53 வாட் வித்தியாசம் ஃபிக்ஸ்ச்சருக்கு 464 யூனிட்டாகிறது, அலுவலகத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படிப்பட்டவர்கள் சராசரிக்கு விற்றால் நஷ்டம். கஸ்டம் வழியில் காகிதம் அதிகம்தான், இருந்தாலும் இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விற்பது வித்தியாசம் என்றால், வாங்குகிறவர் அதன் இரண்டு முனைகளையும் பார்க்கத்தானே செய்வார்? பழைய முனைக்குச் சாட்சி உங்கள் கூரையில் இப்போது எரிந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பல திட்டங்கள், குறிப்பாகப் பெரிய தொகைக்கும் கஸ்டம் வகைக்கும், பொருளை வாங்குவதற்கு முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் பெறச் சொல்கின்றன. ஆள் அனுப்பிப் பழைய ஃபிக்ஸ்ச்சர்களை எண்ணிப் பார்ப்பதும் உண்டு. ஒப்புதல் கடிதம் வருமுன் கையெழுத்தான பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்றே விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யப் போதும். ஒவ்வொரு அறையாகப் போய் எத்தனை ஃபிக்ஸ்ச்சர், எத்தனை குழல், பேலஸ்டில் ஒட்டியிருக்கும் எண் என்ன என்று எழுதி, படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். புது முனைக்குச் சாட்சி மாடல் எண். டிசைன்லைட்ஸ் கன்சார்ட்டியம், சுருக்கமாக டிஎல்சி, என்ற அமைப்பு தரம் பார்த்து ஏற்ற வணிக விளக்குகளின் பட்டியலைப் பராமரிக்கிறது. பெரும்பாலான திட்டங்கள் அந்தப் பட்டியலில் இருப்பதற்குத்தான் பணம் தரும். அதே கம்பெனி, அதே குடும்பம் என்பதெல்லாம் செல்லாது. மாடல் எண்ணின் வாலில் இருக்கும் ஓர் எழுத்து வோல்டேஜையோ ஒளியின் நிறத்தையோ குறிக்கும். இன்வாய்ஸில் அது மாறியிருந்தால் கோப்பு திரும்பி வரும். ‘லைட்டிங் வேலை, மொத்தம் இவ்வளவு’ என்று ஒரே வரியில் எழுதித் தரும் இன்வாய்ஸ் எதற்கும் உதவாது. பொருள் தனி, கூலி தனி, எண்ணிக்கை தனி என்று கேட்டு வாங்குங்கள். ரிபேட், வேலைக்கான மொத்தச் செலவில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பு பல இடங்களில் உண்டு, அதற்கும் இந்தப் பிரிப்பு வேண்டும்.

‘இதெல்லாம் கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒரு பதில் வரும். பார்த்துக்கொள்வார், மறுக்கவில்லை. நிறையக் கான்ட்ராக்டர்களுக்கு இந்தப் படிவம் தண்ணீர் பட்ட பாடு. விநியோகஸ்தரிடமே விலையைக் குறைத்து வாங்கும் உடனடித் தள்ளுபடித் திட்டங்களும் இருக்கின்றன, அங்கே உங்களுக்கு வேலையே இல்லை. ஆனால் எது சுலபமாக அங்கீகாரம் பெறுமோ, அதைப் பரிந்துரைப்பதில்தான் அவருக்கு ஆதாயம். பழைய பேலஸ்டை அப்படியே விட்டுவிட்டு அதில் எல்இடி குழலைச் செருகும் ‘டைப் ஏ’ முறையைப் பாருங்கள். அரை நாளில் முடியும். ஆனால் பேலஸ்ட் தன் பங்குக்கு மின்சாரம் தின்றுகொண்டே இருக்கும், அது செத்தால் விளக்கும் போகும். பேலஸ்டை ஒதுக்கிவிட்டு நேரடியாக மின் இணைப்பில் ஓடும் ‘டைப் பி’க்கு எலக்ட்ரீஷியன் வயரிங்கை மாற்ற வேண்டும். முழு ஃபிக்ஸ்ச்சரையும் மாற்றி, ஆளில்லாதபோது அணைக்கும் சென்சாரும் சேர்த்தால் விற்பதற்கான வித்தியாசம் இன்னும் பெருகும். பல திட்டங்கள் அதற்குக் கூடுதலாகவே தருகின்றன. எதைச் செய்வதென்று முடிவெடுப்பது உங்கள் வேலை. ரிபேட் காசோலை யார் பெயருக்கு வரும் என்பதையும் ஒப்பந்தத்தில் படித்துவிடுங்கள்.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. எல்இடி தானாகவே லாபம் தருகிறதே, ரிபேட் இல்லாவிட்டாலும் மாற்றியிருப்பவருக்கு மற்றவர்களின் பில் பணத்தை எடுத்துக் கொடுப்பது எதற்கு? அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் கணக்கெடுப்பில் 2012இல் 9 சதவீத வணிகக் கட்டடங்களில் இருந்த எல்இடி, 2018இல் 44 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. அதில் எவ்வளவு ரிபேட்டால் ஏறியது, எவ்வளவு விலை இறங்கியதால் ஏறியது என்று பிரிப்பது கடினம். திட்டங்களை மதிப்பிடுகிறவர்களும் இதை ஒத்துக்கொண்டு, ‘எப்படியும் மாற்றியிருப்பார்கள்’ என்ற பங்கைச் சேமிப்பிலிருந்து கழிக்கிறார்கள். என் பார்வையில், சொந்தக் கட்டடமும் கையில் ரொக்கமும் உள்ள பெரிய நிறுவனத்துக்கு இந்த ஆட்சேபம் பொருந்தும். வாடகை இடத்தில் இருக்கும் சின்னக் கடைக்குப் பொருந்தாது. அங்கே பில் கட்டுவது ஒருவர், கூரை இன்னொருவருடையது. கட்டட உரிமையாளருக்கு மாற்றுவதால் லாபமில்லை; கடைக்காரருக்கோ குத்தகை முடிவதற்குள் போட்ட பணம் திரும்புமா என்ற பயம். ரிபேட் அந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது. உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதத்தை விண்ணப்பத்தோடு கேட்கும் திட்டங்கள் உண்டு, அதை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

அடுத்த வருடம் விகிதம் கூடுமா என்று காத்திருப்பதில் பலனிருக்காது என்றே நினைக்கிறேன். ஒப்பீட்டுக்கு எடுக்கும் பழைய விளக்கே சட்டத்தால் மறைந்துகொண்டிருக்கிறது. வெர்மான்ட் மாநிலம் 2024 ஜனவரியிலிருந்து நாலடி ஃப்ளோரசன்ட் குழல்களின் விற்பனையை நிறுத்தியது, கலிஃபோர்னியா 2025 ஜனவரியிலிருந்து நீளக் குழல்களை நிறுத்தியது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023 நவம்பரில் கூடி, ஃப்ளோரசன்ட் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் முடித்துக்கொள்வது என்று தீர்மானித்திருக்கின்றன. கடையில் எல்இடி மட்டுமே கிடைக்கும் நாளில், நீங்கள் வேறெதை வாங்கியிருப்பீர்கள்? வித்தியாசம் பூஜ்யத்தை நோக்கிப் போகும், விலையும் கூடவே போகும். தடித்த டி12 குழல்களுக்கு இது ஏற்கெனவே நடந்துவிட்டது. கூரையில் டி12 இருந்தாலும், சிக்கனமான டி8 இருப்பதாகவே வைத்துப் பல திட்டங்கள் கணக்கிடுகின்றன.

வரி விஷயத்தில் இரண்டு சொல்லிவிடுகிறேன். மின் நிறுவனம் தரும் சேமிப்பு மானியத்துக்கு வருமான வரி விலக்கு அளிக்கும் 136ஆம் பிரிவு குடியிருப்புகளுக்கு மட்டும். வணிகக் கட்டடத்துக்கு இல்லை. விண்ணப்பத்தோடு டபிள்யூ-9 படிவம் கேட்பது இதனால்தான். ரிபேட்டை வருமானமாகக் காட்டுவதா, விளக்கின் அடக்கவிலையில் கழிப்பதா என்பதை உங்கள் சிபிஏவிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். 179டி என்ற கூட்டாட்சி வரிக்கழிவைச் சொல்லி விற்பனையாளர்கள் ஆசை காட்டலாம். கட்டடத்தின் எரிசக்திச் செலவு குறைந்தது 25 சதவீதமாவது குறைய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விளக்கை மட்டும் மாற்றி அந்த அளவை எட்டுவது லேசில்லை. போதாததற்கு, 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2026 ஜூன் 30க்குப் பிறகு தொடங்கும் வேலைகளுக்கு அந்தக் கழிவே கிடையாது. ஆகவே செலவுக் கணக்கில் 179டியை விட்டுவிட்டு, பில் மிச்சத்தையும் மின் நிறுவனத்தின் ஒப்புதல் கடிதத்தில் எழுதியிருக்கும் தொகையையும் மட்டும் வைத்துக் கூட்டிப் பாருங்கள்.