தீபத்தன்று நேரலைப் படம் மங்குகிறதா?

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர அண்ணாமலையின் உச்சியில் மகா தீபம் ஏற்றப்படுகிறது. அந்த நேரத்தில்தான் கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் ஆண்டுக்கு ஒரே முறை, சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருகிறார். அதே நேரம் பார்த்து உங்கள் டி.வி.யில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. சுவாமி எது, கூட்டம் எது என்று தெரியவில்லை. சினிமா என்றால் நாளை பார்த்துக் கொள்ளலாம். 14 கி.மீ. கிரிவலம் நடக்க முடியாமல் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் அப்படிச் சொல்ல முடியுமா? கொரோனாவால் வெளியூர் பக்தர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்ட 2020 நவம்பர் 29 தீபத்தில், பெரும்பாலோருக்கு வீட்டுத் திரையை விட்டால் வேறு வழியே இருக்கவில்லை.

இத்தகைய நேரங்களில் "நெட் ஸ்லோ" என்று சொல்லி ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வதுதான் நம்மில் பலரின் வழக்கம். சில சமயம் அது பலிக்கும். ஆனால் படம் நிற்பதும் படம் மங்குவதும் ஒன்றல்ல என்பதை முதலில் தெரிந்து கொள்ளுங்கள்.

ரியல் பிளேயர் காலத்தில் இணைப்பின் வேகம் குறைந்தால் படம் நின்று, "பஃபரிங்" என்ற சொல் வந்து உட்கார்ந்து கொள்ளும். இப்போதைய முறை வேறு. ஒரே காட்சி 240பி, 480பி, 720பி, 1080பி எனப் பல அளவுகளில் தயாரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் சில விநாடி நீளத் துண்டுகளாக சர்வரில் வைக்கப்படுகிறது. உங்களிடம் உள்ள பிளேயர் ஒவ்வொரு துண்டும் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று கணக்குப் பார்க்கிறது. தாமதமானால் அடுத்த துண்டைச் சிறிய அளவில் கேட்டு வாங்குகிறது. அதாவது படம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக பிளேயரே முடிவு செய்து படத்தை மங்கலாக்குகிறது. எனவே நாம் கண்டுபிடிக்க வேண்டியது, பாதை எந்த இடத்தில் குறுகுகிறது என்பதை. மாட வீதியில் பெரிய தேர் வரும்போது மற்ற இடமெல்லாம் எவ்வளவு அகலமாக இருந்தாலும், குறுகலான திருப்பம்தானே வேகத்தை முடிவு செய்கிறது?

யூடியூப்பில் பார்க்கிறீர்கள் என்றால் இதைக் கண்டுபிடிக்க நல்ல வசதி ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடும் வீடியோவின் மீது ரைட் கிளிக் செய்து "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்திடுங்கள். ஒரு சிறிய கட்டத்தில் பல எண்கள் வரும். மூன்றை மட்டும் கவனித்தால் போதும். "கனெக்‌ஷன் ஸ்பீட்" என்பது வந்து சேரும் வேகம். "பஃபர் ஹெல்த்" என்பது இன்னும் எத்தனை விநாடிக் காட்சி கையிருப்பில் உள்ளது என்பது. "டிராப்டு பிரேம்ஸ்" என்பது உங்கள் சாதனம் காட்ட முடியாமல் கைவிட்ட படங்களின் எண்ணிக்கை. கையிருப்பு அடிக்கடி பூஜ்யத்தைத் தொட்டால் குற்றம் இணைப்பில். கையிருப்பு நன்றாக இருந்தும் கைவிட்ட பிரேம்கள் ஏறிக் கொண்டே போனால், பழைய கம்ப்யூட்டரோ டி.வி.யோ திணறுகிறது. அப்போது பிளானை மாற்றிப் பணம் கட்டுவதால் பயனில்லை.

குற்றம் இணைப்பில் என்றால், அது வீட்டுக்கு வெளியிலா, உள்ளேயா? விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து "ஐபிகான்ஃபிக்" கட்டளை கொடுத்தால், "டீஃபால்ட் கேட்வே" என்று ரூட்டரின் முகவரி தெரியும். பல வீடுகளில் அது 192.168.1.1 என்றிருக்கும். டி.வி. இருக்கும் இடத்தில் லேப்டாப்பை வைத்து, வைஃபை இணைப்பிலேயே அந்த முகவரிக்கு "பிங்" கட்டளை கொடுங்கள். பதில்கள் ஓரிரு மில்லி செகண்டில் சீராக வந்தால் வீட்டுக்குள் கோளாறு இல்லை. 3, 5, 180, 4, 300 என்று எண்கள் குதித்தாலோ, நடுவில் பதிலே வராமல் போனாலோ, உங்கள் பிராட்பேண்ட் நிறுவனத்திற்குப் போன் செய்ய வேண்டாம். பிரச்னை உங்கள் சுவர்களுக்குள்தான் இருக்கிறது.

வைஃபை பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. முதலாவது சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகும். ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் நெரிசல் போடுகின்றன. இரண்டாவது வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ரூட்டரும் டி.வி.யும் ஒரே அறையில் இருந்தால் 5 கிகா ஹெர்ட்ஸ் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லையெனில் என் சிபாரிசு ஒரு லேன் கேபிள். பார்க்க அழகாக இராதுதான். ஆனால் இதற்கு இணையான தீர்வு இல்லை. டி.வி.யில் உள்ள லேன் போர்ட் 100 எம்.பி.பி.எஸ். மட்டுமே என்றாலும் கவலை வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 720பி படத்திற்கு 3, 1080பி படத்திற்கு 5, 4கே படத்திற்கு 15 எம்.பி.பி.எஸ். மட்டுமே. (இது மருத்துவப் படிப்பு அல்ல, விநாடிக்கு இத்தனை மெகா பிட் என்பது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 40 எம்.பி.பி.எஸ். இணைப்பில் டவுண்லோட் வேகம் 5 மெகா பைட்டுக்கு மேல் காட்டாது.)

திருவண்ணாமலையில் இருந்து கொண்டு, மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட் மூலம் டி.வி.க்குக் கொடுப்பவர்கள் தீபத்தன்று அதை நம்ப வேண்டாம். ஒரு டவரின் கொள்ளளவு அதன் எல்லைக்குள் இருக்கும் அத்தனை போன்களுக்கும் பங்கு போடப்படுகிறது. அன்று ஊருக்குள் பல லட்சம் பேர். கையில் போன் உள்ள எல்லோரும் வீடியோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். போனில் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரியும், படம் மட்டும் வராது. அந்தக் கோடுகள் காட்டுவது அலையின் வலிமையை மட்டுமே. உங்கள் பங்கு எவ்வளவு என்பதை அல்ல. வயர் வழி வரும் பிராட்பேண்ட் இணைப்பு உள்ள வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதே நல்லது. தூர்தர்ஷன் நேரலை தரும்போது டிஷ் ஆன்டெனா வழியாகப் பார்த்தால் இந்த நெரிசல் கிடையாது. செயற்கைக்கோள் சிக்னலை ஒருவர் பெற்றாலும் ஒரு கோடிப் பேர் பெற்றாலும் அதன் தரம் ஒன்றுதான். ஆனால் கார்த்திகை மாதமாயிற்றே, பலத்த மழை வந்தால் அதுவும் சற்று நேரம் தடைபடும்.

இணைப்பு, வைஃபை, டி.வி. மூன்றும் சரியாக இருந்தும் தீபக் காட்சியில் மட்டும் படம் உடைவதுண்டு. இதற்குக் காரணம் காட்சியேதான். வீடியோவைச் சுருக்கும் மென்பொருள், ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே மாறிய பகுதியை மட்டுமே அனுப்பி இடத்தை மிச்சப்படுத்துகிறது. செய்தி வாசிப்பவரின் உதடு மட்டும் அசையும் காட்சிக்கு இது அருமையாக வேலை செய்யும். கொழுந்து விட்டு எரியும் நெருப்பு, சுருண்டு எழும் புகை, கை தூக்கி அரோகரா சொல்லும் கூட்டம் ஆகியவற்றில் ஒவ்வொரு பிரேமிலும் எல்லாமே மாறுகிறது. போதாததற்கு, இருண்ட வானத்தில் நுணுக்கம் இல்லை என்று கருதி மென்பொருள் அங்கே கஞ்சத்தனம் செய்கிறது. பதிவு செய்த படம் என்றால் நிதானமாகச் சுருக்கலாம். நேரலையில் அதற்கு அவகாசம் இல்லை. வீடியோவின் குவாலிட்டி மெனுவில் உச்ச அளவே 720பி தான் என்றால், ஒளிபரப்புபவர் அனுப்புவதே அவ்வளவுதான். அதே நிகழ்ச்சியை வேறு சேனல் கூடுதல் அளவில் தருகிறதா என்று பாருங்கள். டி.வி.யில் "விவிட்" மோடை "சினிமா" என மாற்றி, ஷார்ப்னெஸ் அளவைக் குறைத்தால் இருளில் தெரியும் கட்டங்கள் கொஞ்சம் அடங்கும். ஷார்ப்னெஸ்ஸைக் கூட்டினால் கட்டங்கள்தான் கூர்மையாகும்.

சீரியல், சினிமா பார்ப்பவர்கள் சந்தாவையும் சரி பார்க்கவும். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் பிளானில் 480பிக்கு மேல் வராது. சில போன்களில் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறை எல்3 நிலையில் மட்டுமே இருக்கும். அவற்றில் எவ்வளவு வேகமான இணைப்பு கொடுத்தாலும் பல ஆப்கள் எச்.டி. படம் தருவதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது, நெரிசலைக் குறைக்க இந்தியாவின் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் தாங்களாகவே மொபைல் இணைப்புகளில் 480பியோடு நிறுத்திக் கொண்டதும் உண்டு.

நேரலையில் சிவப்புப் புள்ளியுடன் உள்ள "லைவ்" பட்டனை அடிக்கடி கிளிக் செய்யாதீர்கள். அது உங்களை நிகழ்வின் விளிம்புக்கே தள்ளுவதால், பிளேயரிடம் கையிருப்பு சேர்வதில்லை. மாறாக, 5.45 மணிக்கே வீடியோவைத் திறந்து அரை நிமிடம் பாஸ் செய்து, பிறகு பிளே செய்திடுங்கள். பின்தங்கிய அந்த அரை நிமிடக் காட்சியை பிளேயர் முன்கூட்டியே இறக்கி வைத்துக் கொள்ளும். நடுவில் இணைப்பு சற்றுத் தள்ளாடினாலும் படம் கலங்காது. அரை நிமிடம் தாமதமாகப் பார்ப்பதில் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு நஷ்டமில்லை. உள்ளூர்க்காரர்களுக்குத்தான் சங்கடம்: தெருவில் அரோகரா சத்தம் எழுந்து வெடியும் வெடித்த பிறகே திரையில் தீபம் தெரியும். நீங்கள் 5.50க்கே மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். அர்த்தநாரீஸ்வரரைப் பிறகு வந்து ரீவைண்ட் செய்து பார்த்துக் கொள்ளலாம்.