காற்று சுமக்கும் பாரம்

அமெரிக்காவில் நீண்ட யாத்திரைக்கென்றே வழங்கும் மோட்டார் சைக்கிள்களை நம் நேயர்களில் பலர் படத்திலேனும் கண்டிருப்பார்கள். முன்னே காற்றுத் தடுப்பு. பக்கங்களில் இரண்டு பெட்டிகள். பின்னே பெரியதொரு பெட்டி. வண்டி மாத்திரமே சுமார் 800 ராத்தல் எடை. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை ஏறக்குறைய 3000 மைல் தூரத்தைக் கணவனும் மனைவியுமாக இதில் கடப்போர் உண்டு. இவ்வளவு பாரத்துக்கும் ஈடு கொடுப்பவை பின்சக்கரத்து ஷாக் அப்ஸார்பர்கள். இவ்வகை வண்டிகள் பலவற்றில் அவற்றின் எஃகுச் சுருளுக்குத் துணையாக நிற்பது சிறிதளவு காற்றேயாம்.

1975-ல் வெளிவந்த ஹோண்டா கோல்ட் விங் வண்டிக்கு 1980-ம் ஆண்டு மாதிரியில் இக்காற்றுத் துணை கிடைத்தது. ஹார்லி டேவிட்ஸன் கம்பெனியார் தங்கள் யாத்திரை வண்டிகளில் பெரும்பாலானவற்றில் 2017-ம் ஆண்டு மாதிரியோடு இதைக் கைவிட்டு, கையால் திருகும் குமிழுக்கு மாறினர். ஆயினும் அதற்கு முந்திய வண்டிகள் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

காற்றை எதற்காகச் சேர்த்தார்கள்? எஃகுச் சுருள் ஒரே சீராக அமுங்குவது. அடைத்த காற்றின் குணமோ வேறு. அதன் இடம் பாதியானால் அழுத்தம் இரட்டிக்கும் என்று 1662-லேயே பாயில் என்ற விஞ்ஞானி எடுத்துரைத்தார். ஆகவே பள்ளத்தில் சக்கரம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பும் மிகுந்துகொண்டே போகிறது. தனியே செல்லும் நாளில் காற்றைக் குறைத்து, துணையோடும் மூட்டையோடும் செல்லும் நாளில் கூட்டிக்கொள்ளலாம் என்பது மற்றொரு சௌகரியம்.

இந்த அளவு தவறினால் நேரும் அபாயம் சிறிதன்று. காற்றுக் குறைந்தால் வண்டியின் பின்புறம் தாழ்கிறது. முன்சக்கரத்தின் மீது பாரம் குறைந்து திருப்புவது மந்தமாகிறது. வளைவில் அடிப்பாகம் தரையில் உராய்கிறது. இரவில் விளக்கின் ஒளி மேலே எழும்பி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. காற்று மிகுந்தாலோ, ஒவ்வொரு மேடும் பின்னே அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பில் தெரியும். சக்கரமும் சாலையை விட்டுத் துள்ளும்.

இனிச் செய்முறையைக் காண்போம். வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். ஆளும் பாரமும் ஏறியிருக்கலாகாது. உள்ளே இருக்கும் காற்றோ மிகச் சொற்பம். டயருக்கு உபயோகிக்கும் சாதாரண அளவுமானியை வைத்தெடுத்தாலே சில ராத்தல் அழுத்தம் ஓடிவிடும். கடைகளில் உள்ள யந்திரப் பம்பு நொடியில் வரம்பை மீறி ரப்பர் அடைப்புகளைச் சிதைத்துவிடக்கூடும். ஆதலால் இதற்கென்றே அளவுமானியுடன் அமைந்த சிறு கைப் பம்பைக் கொண்டுதான் காற்றேற்ற வேண்டும். பழைய ஹார்லி வண்டிகள் பலவற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 35 ராத்தலே உச்ச வரம்பு. மாதிரிக்கு மாதிரி இது மாறுவதால், அந்தந்த வண்டியின் கைப்புத்தகமே பிரமாணம். டயருக்குச் சொன்ன அளவை இதற்கு எடுத்துக்கொள்வது பெரும் பிசகு.

அளவு சரிதானா என்பதை ஒரு நாடாவைக் கொண்டு அறியலாம். பின்சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது அதன் அச்சுக்கும் நேர் மேலே சட்டத்தில் குறித்த ஓரிடத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பிறகு இருவரும் மூட்டைகளோடு ஏறி அமர, மற்றொருவர் மறுபடி அளக்க வேண்டும். சக்கரம் மொத்தம் 3 அங்குலம் ஏறி இறங்கக் கூடியதானால், இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 1 அங்குலம் இருப்பது நலம். அதற்கு மேல் தாழ்ந்தால் இரண்டிரண்டு ராத்தலாக ஏற்றிப் பார்க்கலாம்.

காற்றை வெளியேற்றும்போது மெதுவாக விட வேண்டும். அதனுடன் எண்ணெய்த் துளியும் வருவதுண்டு. அது டயரிலோ பிரேக்கிலோ படிந்தால் உயிருக்கே ஆபத்தாகும்; துணியால் மூடிக்கொண்டு செய்வதே விவேகம். வாரந்தோறும் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தால், காற்றை நிரப்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கசியும் அடைப்பைக் கண்டறிய வேண்டும். எவ்வளவு காற்றேற்றினாலும், வண்டி சுமக்கலாமென்று விதித்த மொத்த எடை ஒரு ராத்தலும் உயராது என்பதையும் மறக்கலாகாது.

1955 முதல் சென்னையில் தயாராகிவரும் என்ஃபீல்ட் வண்டிகளில் காற்றேற்றும் வால்வு இல்லையே என்று நேயர்கள் கேட்கலாம். ஆனால் அவற்றில் பலவற்றின் பின்புற ஷாக் அப்ஸார்பரில் படிப்படியாகத் திருப்பும் வளையம் ஒன்று உண்டு. அது செய்வதும் இதே வேலைதான். வண்டி வாங்கிய நாளில் இருந்த படியிலேயே அதை விட்டுவிட்டு, மனைவியையும் குழந்தையையும் ஏற்றிச் செல்லும் வழக்கம் நம்மிடையே அதிகம். அடுத்த பிரயாணத்துக்கு முன் ஐந்து நிமிஷம் ஒதுக்கி அவ்வளையத்தைக் கவனிக்கும்படி நேயர்களை வேண்டிக்கொள்கிறோம்.